கிரெவில்லியாவும் மணிச்சத்தும்

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தை அங்கத்தினர்கள் அறிவார்கள். அதே பேரினத்தைச் சேர்ந்த பூஞ்செடிகளே கிரெவில்லியாப் புதர்கள். 350க்கு மேற்பட்ட இவ்வகைகளுள் பெரும்பாலானவற்றின் தாயகம் ஆஸ்திரேலியா.

வறட்சியைத் தாங்கும் இச்செடி, நாம் அன்புடன் இடும் எருவினாலேயே மடிவதுண்டு. காரணம் யாதெனில், அந்நாட்டு நிலம் பெரும்பாலும் மணிச்சத்துக் குறைந்தது. உள்ள சிறிதளவையும் உறிஞ்சும் பொருட்டு இதன் வேர்கள் கொத்துக் கொத்தாய் அமைந்துள்ளன. சூப்பர் பாஸ்பேட், எலும்புத்தூள் முதலியன இட்டால், அவ்வேர்கள் அளவுக்கு மீறி உறிஞ்ச, இலை கருகிச் செடி பட்டுவிடும்.

ஆகவே வெயில் படும், நீர் தேங்காத மேட்டில் நடுவோமாக. முதல் ஆண்டு வேர் பிடிக்கும்வரை நீர் ஊற்றி, பூத்து ஓய்ந்தபின் நுனிகளைக் கத்தரித்தால் போதும். எருவுக்குச் செலவிடுமுன் செடி பிறந்த மண் எத்தகையது என்று விசாரித்தறிவது நம் கடமையாகும்.