கேட்பதற்கும் ஒரு படிப்பு இருக்கு



குழுவுல ஒருத்தர் ரெண்டு கூட்டத்துக்கு வரலைன்னா நாம என்ன செய்றோம்? வீட்டுக்கே போய் விசாரிக்கிறோம். "அவர் குடிச்சிட்டு அடிக்கிறார், வாழவே பிடிக்கலை" என்று அவர் அழுதால், "பிள்ளைங்க முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கோ" என்று தேற்றிவிட்டு வருகிறோம்.

பாசத்தில் சொல்வதுதான். ஆனால் "வாழப் பிடிக்கலை" என்பதற்குப் "பொறுத்துக்கோ" பதில் ஆகாது. அந்த நேரத்தில் எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்லக் கூடாது, எங்கே அனுப்ப வேண்டும் என்று முறையாகக் கற்றவர்தான் ஆற்றுப்படுத்துநர். கவுன்சிலர் என்றும் சொல்வார்கள். வார்டு கவுன்சிலர் இல்லை!

என்ன படிக்கணும்?

பிளஸ் டூ முடித்தவர்கள் சமூகப்பணியில் பி.எஸ்.டபிள்யூ. அல்லது உளவியலில் பட்டப்படிப்பு சேரலாம். இரண்டும் 3 ஆண்டுகள். அடுத்து எம்.எஸ்.டபிள்யூ. 2 ஆண்டுகள். பெரும்பாலான கல்லூரிகளில் எந்தப் பட்டம் பெற்றவரும் இதில் சேரலாம். ஆற்றுப்படுத்தும் வேலைக்கு மருத்துவ, மனநலச் சமூகப்பணிப் பிரிவை எடுப்பது நல்லது.

இது புதுப் படிப்பு இல்லை. இந்தியாவில் 1936-ல் மும்பையில் தொடங்கியது. சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கினார்.

களப்பணிதான் உயிர்

வகுப்போடு முடிகிற படிப்பு இல்லை இது. பொதுவாக வாரம் 2 நாள் மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், கிராமம் என்று களத்துக்குப் போக வேண்டும். பார்த்ததை எழுதி ஆசிரியரிடம் காட்ட வேண்டும். குறுக்கே பேசாமல் கேட்பது, தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது, கேட்ட ரகசியத்தை ஊரில் பரப்பாமல் காப்பது எல்லாம் அங்கேதான் பழகும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், உதவி செய்யக்கூடியவரிடம் சொல்லியாக வேண்டும்.

வேலை எங்கே?

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையம், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, போதை மீட்பு மையம், தொண்டு நிறுவனங்கள். ஒன்றை மறைக்கக் கூடாது: இவற்றில் பல ஒப்பந்த வேலைகள். சம்பளம் பெரிதாக இருக்காது. தெரிந்தே சேரட்டும்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

1. கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது? "3 மாதத்தில் கவுன்சிலர்" என்ற நோட்டீசை நம்பி வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள். அது பட்டத்துக்கு ஈடாகாது.

2. களப்பணி எத்தனை நாள்? கூட்டிப் போவது யார்?

3. அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா? கட்டணம் ரொம்ப வித்தியாசப்படும்.

4. தபால் வழி என்றால், இந்த ஆண்டுக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கா?

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், பட்டப்படிப்பு முடியும் வரை மாதம் ரூ.1000 கிடைக்கும். கல்லூரியிலேயே விண்ணப்பிக்கலாம்.

அதுவரை நாம்?

அந்தச் சகோதரியைத் தனியே விடாதீர்கள். மனநல உதவிக்கு 14416, வன்முறை என்றால் 181. இரண்டும் இலவசம், இரவும் பகலும் எடுப்பார்கள். தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச:

- நம் குழுவில் சொன்ன ரகசியம் வெளியே போயிருக்கிறதா? இனி எப்படிக் காப்போம்?
- இந்த ஆண்டு பிளஸ் டூ முடிக்கும் நம் பெண்களில் இதில் விருப்பம் உள்ளவர் யார்?