வாட்டத்தில் விளையும் வளம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் ஹட் லகூன் என்னும் உப்பு ஏரி உள்ளது. அதன் நீர் இளஞ்சிவப்பாகக் காட்சியளிக்கும். 'டூனாலியெல்லா சலைனா' என்னும் நுண்பாசியே அதற்கு முக்கியக் காரணமாகும்.

நுண்பாசிகள் வெறுங்கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள். அவற்றுக்கு வேரோ இலையோ இல்லை. எனினும், செடிகளைப் போலவே சூரிய ஒளியையும் கரியமில வாயுவையும் கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன.

போதிய ஊட்டம் கிடைக்கும்போது டூனாலியெல்லா பச்சை நிறத்தில் விரைவாகப் பெருகும். வெயில் கடுமையாகி, உப்பு மிகுந்து, ஊட்டம் குறைந்தால் 'பீட்டா கரோட்டின்' என்னும் நிறமியைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். கடும் ஒளியிலிருந்து அதைக் காக்கும் குடை அந்நிறமி. பாசியின் உலர்ந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூட அது இருக்கலாம். கேரட்டுக்கு நிறம் தருவதும் இதே நிறமிதான். நம் உடல் அதை உயிர்ச்சத்து 'ஏ' ஆக மாற்றிக்கொள்கிறது. மார்ஜரின், பானங்கள் முதலியவற்றுக்கு நிறமூட்டவும் அது பயன்படுகிறது. ஆகவே, ஹட் லகூனில் ஆழமற்ற பரந்த குளங்களில் இப்பாசியை வளர்க்கின்றனர். மிகுந்த உப்பில் பிற உயிர்கள் பிழைப்பது அரிது. அதனால், திறந்த குளத்திலும் இதற்குப் போட்டி குறைவு.

ஆனால், இங்கே ஒரு சிக்கல் உண்டு. பாசியை வாட்டினால் வேண்டிய பொருள் கூடும், வளர்ச்சியோ குன்றும். 1978 முதல் 1996 வரை பாசியிலிருந்து எரிபொருள் எடுக்க முயன்ற அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வாளர்களும் இதையே கண்டனர். நைட்ரஜன் சத்தைக் குறைத்தபோது ஒவ்வோர் உயிரணுவிலும் எண்ணெய் கூடியது. மொத்த விளைச்சல் கூடவில்லை.

இச்சிக்கலுக்கு மரபணுப் பொறியியல் ஒரு வழி காட்டியது. 2017ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் 'நன்னோகுளோராப்சிஸ்' என்னும் நுண்பாசியில் ஒரு மரபணுவின் செயல்பாட்டைக் குறைத்தனர். வளர்ச்சி பெரிதும் குன்றாமலே அதன் எண்ணெய் அளவு இரு மடங்கானது.

இருப்பினும், ஆய்வுக்கூட வெற்றி மட்டும் போதாது. திறந்த குளத்தில் ஒரு லிட்டர் நீருக்குப் பெரும்பாலும் ஒரு கிராம் பாசிகூடத் தேறுவதில்லை. அதைப் பிரித்தெடுத்து உலர்த்த அதிகச் செலவாகிறது. எனவே, மலிவாக விற்க வேண்டிய எரிபொருள் இன்னும் கைகூடவில்லை. சிறிதளவே தேவைப்படும், விலைமதிப்புள்ள பொருள்களோ வெற்றி பெற்றுள்ளன. தாய்ப்பாலில் உள்ள 'டிஎச்ஏ' என்னும் கொழுப்புச் சத்தும் இன்று நுண்பாசியிலிருந்து எடுக்கப்பட்டு, குழந்தைகளுக்கான பால்மாவில் சேர்க்கப்படுகிறது.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பர். நுண்பாசியின் காரத்தை அறிந்துவிட்டோம். அதைக் குறைந்த செலவில் பெறும் வழியைக் கண்டறிவதே வருங்கால அறிவியலாளர்கள்முன் உள்ள பணியாகும்.