மாணவர் பசியும் மின்னணு உணவுப்பொருள் அட்டையும்

கல்வி கற்பதற்கு வேண்டுவன யாவை என்று வினவின், நல்லாசிரியர், நூல், காலம் என்னும் மூன்றினை யாவரும் எளிதிற் கூறுவர். நான்காவதாகிய உணவினைக் கூறுவார் சிலரே. அஃது எல்லார்க்கும் உளதென்றே நாம் கருதிவிடுகின்றோம். ஆயின், காலையில் ஒன்றும் உண்ணாது வந்து வகுப்பில் அமர்ந்திருப்பான் ஒருவன் நெஞ்சில் எத்துணைச் சிறந்த விரிவுரையும் பதிவதில்லை. ஆதலின், உணவுக் குறையுடைய கல்லூரி மாணவர்க்கு உதவும் வழிகளை, சிறப்பாக மின்னணு அட்டை முறையினை, ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பள்ளிச் சிறார்க்கு உணவளித்தல் நம் நாட்டிற்குப் புதியதன்று. 1920இல் சென்னை நகராண்மைக் கழகம், சர். பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு வழங்கத் தொடங்கிற்று. 1956இல் காமராசர் அதனை மாகாணமெங்கும் பரப்பினார். 1982 சூலைத் திங்களில் எம்.ஜி.இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலையுணவும் வழங்கப்படுகின்றது. இவ்வாறு நூறாண்டுக்கு மேலாக வளர்ந்துவந்த இவ்வறம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றது. பசியோ அவ்வகுப்போடு நிற்பதில்லை.

இனி, நம் பகுதியை நோக்குவாம். செங்கற்பட்டு 2019 நவம்பர் 29 முதல் தனி மாவட்டமாயிற்று. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் மீன்பிடித்தலும், மதுராந்தகம் போன்ற ஏரிப்பாசன ஊர்களில் உழவும் பலருக்கு வாழ்வளிப்பன. இவ்விரு தொழில்களிலும் திங்கள்தோறும் வரும் ஊதியம் என்பது இல்லை. வடகிழக்குப் பருவக் காற்றில் கடல் கொந்தளிக்குங்கால் சிறுபடகுகள் கரையிலேயே கிடக்கும். 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு ‘மாண்டஸ்’ புயல் மாமல்லபுரத்தின் அருகே கரையைக் கடந்தது. அத்தகைய நாட்களில் குடும்பத்தார் முதலிற் குறைப்பது உணவேயாம். கல்லூரிக் கட்டணத்தை எவ்வாறேனும் கடன்பெற்றுச் செலுத்துவர்; மகனோ மகளோ நண்பகலில் உண்டதும் உண்ணாததும் ஒருவருக்கும் தெரிவதில்லை.

அரசினர் வழங்கும் குடும்ப அட்டை போதாதோ என்று சிலர் வினவலாம். அம்முறை மிகச் சிறந்ததே. 2011 சூன் முதல் நம் மாநிலத்தில் அரிசி விலையின்றி வழங்கப்படுகின்றது. 2017 ஏப்ரல் 1 முதல் பழைய தாட்புத்தகத்திற்கு மாற்றாக மின்னணு அட்டை வந்தது; கடைக்காரர் அதனைக் கருவியிற் காட்டிப் பதிந்தவுடன் வழங்கிய பொருளின் விவரம் குறுஞ்செய்தியாகக் குடும்பத்தாரை அடைகின்றது. ஆயினும், பெயருக்கேற்ப அது குடும்பத்திற்கு உரியது. தனியொரு மாணவனுக்கு உரியதன்று. அரிசி மதுராந்தகத்து வீட்டில் வேகின்றது. அவ்வீட்டு மகனோ தாம்பரத்தில் வாடகை அறையில் இருக்கின்றான். அவன் பெயர் அட்டையில் உளது. அவன் பங்கு அவன் கலத்தை அடைவதில்லை.

பண உதவியும் உண்டு. அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்வி கற்கும் பெண்களுக்குப் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் நாளும், ஆடவர்க்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்டு 9ஆம் நாளும் தொடங்கப்பெற்றன. இவற்றால் திங்களுக்கு 1,000 ரூபாய் கிடைக்கின்றது. நாளொன்றுக்குப் பகுத்துப் பார்ப்பின் இது ஏறத்தாழ 33 ரூபாய். இதிலேயே நூல், படிநகல், தேர்வுக் கட்டணம் யாவும் அடங்க வேண்டும். வீட்டில் நெருக்கடி நேரின், அப்பணம் வீட்டிற்கே செல்லும்; அதனைக் குறை கூறுதலும் தகாது.

பிற நாட்டு வரலாறும் நமக்குப் பாடமாகும். அமெரிக்காவில் ஏழையர்க்கு வழங்கிய உணவுச் சீட்டுகள் 2004ஆம் ஆண்டளவில் நாடெங்கும் மின்னணு அட்டையாயின. மளிகைக் கடையில் ஏனையோர் பணம் செலுத்தும் அட்டையைப் போலவே அதுவும் தோன்றுதலின், பெறுவோர்க்கு நாணம் குறைந்தது. எனினும், கல்லூரி மாணவர் வாரத்திற்கு 20 மணி நேரம் உழைத்தல் முதலிய நிபந்தனைகளுள் ஒன்றை நிறைவேற்றினாலன்றிப் பொதுவாக அதனைப் பெறுதல் இயலாது. அந்நாட்டு அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2016இல் உதவி பெறுதற்குத் தகுதியுடையராய்த் தோன்றிய மாணவருள் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் அதனைப் பெற்றதாகக் கூறவில்லை. அட்டை இருத்தல் வேறு, அது பசித்தவன் கையை அடைதல் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

நம் நாட்டிலும் இதற்கேற்ற கருவி உண்டு. 2021 ஆகஸ்டு 2ஆம் நாள் ‘இ-ரூபி’ என்னும் மின்னணுச் சீட்டு முறை தொடங்கப்பெற்றது. குறித்த ஒருவருக்கு, குறித்த ஒரு பயன் கருதி, அது கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகவோ குறியீட்டுப் படமாகவோ அனுப்பப்படும். வங்கிக் கணக்கு இல்லாதாரும் அதனைக் கடையிற் காட்டிப் பயன்கொள்ளலாம்.

இம்முறையின் நன்மைகள் மூன்று: மாணவன் பிறர் காண வரிசையில் நிற்க வேண்டுவதில்லை, தன் உடலுக்கும் வழக்கத்திற்கும் ஏற்ற பொருளைத் தானே தேர்கின்றான், உதவி விரைவிற் சேர்தல் இயலும். குறைகளும் உள. விடுதி மாணவனுக்கு அடுப்பு இல்லை. அவனுக்கு அரிசியும் பருப்பும் வாங்கும் அட்டையால் ஆவதென்ன? கைப்பேசி பழுதுற்றவனுக்குக் குறுஞ்செய்தி எட்டாது. பேரங்காடியில் மட்டும் செல்லும் அட்டை சிற்றூர் மாணவனுக்குப் பயன்படாது.

ஆகவே, கல்லூரியொன்று இதனை மேற்கொள்ளுமாயின் கீழ்வருவன கருதத்தக்கன. முதலாவது, சேர்க்கையின்போது எல்லா மாணவரிடமும் இரு வினாக்களைக் கேட்டல் வேண்டும்: கடந்த ஓராண்டில் வீட்டில் உணவுப் பொருள் தீர்ந்துவிடுமோ என்று கவலையுற்றதுண்டா? வாங்கியது போதாமல், மேலும் வாங்கப் பொருளின்றி இருந்ததுண்டா? எல்லாரையும் கேட்பதால் ஒருவரும் வேறாகக் குறிக்கப்படார். இரண்டாவது, விடுதியில் உண்போர்க்கு உணவுக்கூடக் கணக்கிலும், வீட்டிலிருந்து வருவோர்க்குச் சிற்றுண்டிச் சாலையிலும், தாமே சமைப்போர்க்கு அருகிலுள்ள மளிகைக் கடையிலும் பயன்படுமாறு உதவியை வகுத்தல் வேண்டும். மூன்றாவது, தனி அட்டை வேண்டா. யாவரும் அணியும் அடையாள அட்டையிலேயே அக்குறியீடு அமையட்டும். நான்காவது, பெயர்ப்பட்டியல் ஓர் ஆசிரியரிடம் மட்டும் இருத்தல் நன்று.

செலவும் மலைப்பதற்குரியதன்று. ஒருவேளை உணவுக்கு 40 ரூபாய் எனக் கொள்ளின், 22 வேலை நாட்களுக்கு 880 ரூபாய் ஆகும். 50 மாணவர்க்குத் திங்களொன்றுக்கு 44,000 ரூபாய். பத்துத் திங்களுக்கு 4,40,000 ரூபாய். பழைய மாணவர் 440 பேர் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளிப்பின் இது நிறைவுறும்.

நமக்கு அண்மையதாகிய காஞ்சியில் வற்கடம் நேர்ந்தபோது மணிமேகலை அமுதசுரபி ஏந்திச் சென்றாள் என்று காப்பியம் கூறும். அவளுக்கு முன் அக்கலத்தை ஏந்திய ஆபுத்திரனோ, நாடு செழித்து உண்பார் ஒருவரும் வாராமையால் வருந்தினான். இக்காலத்துக் கல்லூரிகளிலும் கேட்டு வருவார் சிலரே. ஆயின் அதற்குக் காரணம் செழிப்பன்று, நாணமே. இதனை ஆசிரியரும் மாணவரும் உணர்தல் வேண்டும். பக்கத்தில் இருப்பவன் நண்பகலில் எங்குச் செல்கின்றான் என்று ஒவ்வொருவரும் ஒருமுறை கருதிப் பார்ப்பாராக. பழைய மாணவரும் இப்பணிக்குத் தம்மால் இயன்றது அளிப்பாராயின், பசியின் பொருட்டுப் படிப்பைக் கைவிடுவார் நம்மிடையே குறைவர் என்பது ஒருதலை.