வழக்குச் செலவும் 21 நாட்களும்

தோற்றவன் தன் செலவோடு வென்றவனுடைய செலவையும் சுமக்க வேண்டும் என்னும் சம்பிரதாயம், 1278-ல் இயற்றப்பட்ட குளூஸ்டர் சட்டம் வென்ற வாதிக்குச் செலவுத்தொகை உண்டென்று சொன்ன காலந்தொட்டு இங்கிலாந்தில் வேரூன்றி வளர்ந்தது. நம்முடைய 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35-வது பிரிவும் அந்த ஆலமரத்தின் விழுதுதான். ஆனால் மரத்தின் பருமன் விழுதுக்கு இல்லை. இங்கே “செலவுத்தொகையுடன் தள்ளுபடி” என்று தீர்ப்பின் கடைசி வரியில் வந்தால், கட்சிக்காரர் அதைக் கச்சேரி முடிவில் பாடும் மங்களமாக எண்ணிக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார். சாதாரண சிவில் வழக்கில், பொய்ப் பிராது கொடுத்தவன்மீது விதிக்கும் ஈட்டுச் செலவுக்கே 3,000 ரூபாய்தான் உச்சவரம்பு. இந்த ஞாபகத்தைப் பெட்டியோடு எடுத்துச் சென்று லண்டனில் குடியேறி, கடை குத்தகையிலோ பங்காளித் தகராறிலோ வழக்காடித் தோற்ற நம்மவர் சிலர் கொண்டிருக்கும் நம்பிக்கைகள், அவர்களுக்கு வழக்கைக் காட்டிலும் அதிக நஷ்டத்தை உண்டாக்கக்கூடியவை.

“நீதிபதியே செலவு கொடு என்று சொல்லிவிட்டார், இனி அவர்கள் கேட்ட தொகைதான்.”

செலவு உத்தரவு பாத்தியதையை மட்டும் தருகிறது. தொகை பின்னால் முடிவாவது. ஒரு நாளுக்குள் முடியும் விசாரணையானால் நீதிபதி அங்கேயே தொகையைத் தீர்மானித்துவிடுவது வழக்கம். 2023 அக்டோபருக்குப் பிறகு, 1,00,000 பவுண்டு வரையிலான பெரும்பாலான வழக்குகளுக்கு நிர்ணயச் செலவு அட்டவணையே வந்துவிட்டது. மற்றவற்றில், வென்றவர் மூன்று மாதத்துக்குள் விரிவான செலவு பில்லைத் தயாரித்து, செலவு மதிப்பீட்டைத் தொடங்குகிறேன் என்று நோட்டீஸ் அனுப்ப வேண்டும். சாதாரண அடிப்படையில் செலவு விதித்திருந்தால், நியாயமானதும் வழக்கின் அளவுக்கு ஏற்றதுமான தொகையே கிடைக்கும். சந்தேகம் எழும் இடத்தில் அதன் அனுகூலம் கொடுப்பவருக்கே. ஆகவே பில்லின் அடியில் அச்சிட்டிருக்கும் கூட்டுத்தொகை, எதிராளியின் கோரிக்கை என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

“கேட்பவன் நிரூபிக்கட்டும், நான் ஏன் பதில் எழுத வேண்டும்?”

இதுதான் எல்லாவற்றிலும் கொடிய நம்பிக்கை. கொஞ்சம் மெத்தப் படித்தவர்களிடமே இது அதிகமாகக் காணப்படுகிறது என்பது என் அபிப்பிராயம். நோட்டீஸ் சார்வு செய்யப்பட்ட நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபணைக் குறிப்பை எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டும் என்று, 1999 முதல் அமலில் இருக்கும் சிவில் நடைமுறை விதிகளின் 47-வது பாகம் கெடு வைக்கிறது. அந்தக் கெடு கழிந்தும் தமக்கு ஒரு குறிப்பும் வராதிருந்தால், வென்றவர் ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்து ‘டிஃபால்ட் காஸ்ட்ஸ் சர்டிபிகேட்’ கேட்கலாம்; நம்மூர் எக்ஸ்பார்ட்டி டிக்ரிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன். எந்த நீதிபதியும் பில்லை வரி வரியாகப் படித்து, இந்தக் கடிதத்துக்கு இத்தனை மணி நேரமா, இந்தச் சிறு வேலைக்கு இத்தனை மூத்த சொலிசிட்டரா என்று கேட்பதற்கு முன்பே, முழுத் தொகையும் கோர்ட்டு உத்தரவாகிவிடுகிறது. கேட்டிருந்தால் குறைந்திருக்கக்கூடிய தொகை, கேளாமையினால் குறையாமலே நிற்கிறது. பணத்தை 14 நாட்களுக்குள் கட்ட வேண்டும். வட்டியோ, அந்தச் சான்றிதழின் தேதியிலிருந்தல்ல, செலவு உத்தரவு பிறந்த தேதியிலிருந்தே பொதுவாக ஓடத் தொடங்கியிருக்கும். 1993 முதல் மாறாத 8 சதவிகித விகிதத்தில், 40,000 பவுண்டுக்கு ஆண்டொன்றுக்கு 3,200 பவுண்டு.

“அப்பீல் போட்டிருக்கிறேன், அதுவரை யாரும் அசைய முடியாது.”

அசையலாம். நீதிமன்றம் தனியாகத் தடை உத்தரவு கொடுத்தாலொழிய, அப்பீல் நிலுவையில் இருப்பது செலவு மதிப்பீட்டை நிறுத்தாது.

“21 நாள் தாண்டிவிட்டது, இனி என்ன செய்து என்ன?”

அலட்சியத்துக்கு அடுத்தபடியாக மனிதனைக் கெடுப்பது அவநம்பிக்கை. சான்றிதழ் பிறப்பதற்கு முன்னால் ஆட்சேபணைக் குறிப்பு எதிர்த்தரப்பின் கையில் சேர்ந்துவிட்டால், அது 22-வது நாளாயினும் 30-வது நாளாயினும், சான்றிதழை வழங்கக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. தாமதித்தவர் மேற்கொண்டு வாதாடுவதற்குக் கோர்ட்டின் அனுமதி வேண்டும் என்பது உண்மை. அனுமதி கேட்கும் நிலையில் இருப்பது, கதவு சாத்தியபின் வெளியே நிற்பதைவிட எவ்வளவோ மேல். இதற்கும் முந்தைய வழி ஒன்றுண்டு: கெடு முடியுமுன்பே எதிர்த்தரப்பு வக்கீலிடம் அவகாசம் கேட்டு, அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்குவது. டெலிபோனில் “பார்த்துக்கொள்ளலாம்” என்றார் என்பதை நம்பி இருந்துவிடலாகாது.

“‘தொகை ரொம்ப அதிகம்’ என்று ஒரு வரி எழுதினால் போதும்.”

போதாது. குறிப்பு சுருக்கமாக இருக்க வேண்டும் என்றுதான் விதி. ஆனால் சுருக்கம் வேறு, மொட்டை வேறு. முதலில் பில் முழுவதையும் பாதிக்கும் பொது விஷயங்கள், உதாரணமாக மணிக்கு இவ்வளவு என்ற வீதம், பிறகு இன்ன இனம், அதில் இன்ன குறை, இன்ன காரணம் என்று எழுத வேண்டும். ஐன்ஸ்வொர்த் எதிர் ஸ்டூவர்ட்ஸ் லா என்ற 2020-ஆம் ஆண்டு வழக்கில், கட்சிக்காரர் தம் சொந்த சொலிசிட்டரின் பில்லையே எதிர்த்துப் பொத்தாம்பொதுவாக எழுதிய ஆட்சேபணையை அப்பீல் கோர்ட்டு ஏற்கவில்லை. குறிப்போடு, எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதை ஒளிவுமறைவற்ற கடிதமாக எழுதி அனுப்புவதும் விதியே. பல தகராறுகள் அந்தக் கடிதத்திலிருந்தே சமாதானத்துக்குத் திரும்பிவிடுகின்றன.

“சான்றிதழ் வந்தால் என்ன, ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டால் போகிறது.”

உரிமையே இல்லாமல் வாங்கிய சான்றிதழானால் கோர்ட்டு ரத்து செய்தே தீர வேண்டும். மற்றபடி, மதிப்பீடு தொடர்ந்து நடக்க நல்ல காரணம் உண்டு என்று நீதிபதியைத் திருப்தி செய்தாக வேண்டும். எத்தனை சீக்கிரம் மனுச் செய்தீர்கள் என்பதையும் அவர் பார்ப்பார். அந்த மனுவோடு பில்லின் நகலையும், சான்றிதழின் நகலையும், நீங்கள் 21 நாட்களில் எழுதாமல் விட்ட அதே ஆட்சேபணைக் குறிப்பின் வரைவையும் இணைத்துக் கொடுக்க வேண்டும்.