புதிய கணிப்பொறியில் பழைய கடிதங்கள்



விண்டோஸ் 10 முறைமைக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அதிலிருந்த எளிய ‘மெயில்’ செயலியோ அதற்கு முன்னரே, 2024 டிசம்பர் 31-உடன், கடிதம் அனுப்பவும் பெறவும் இயலாததாயிற்று. புதிய முறைமைக்கு மாறுவோர் எந்த அஞ்சல் செயலியைத் தேர்வது?

நகரியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் திருப்பதிக்கு வந்து பயிலும் நமக்குத் தேர்வு அறிவிப்பும் நேர்முக அழைப்பும் மின்னஞ்சலில் வருகின்றன. ஆதலின் செயலியின் அழகைவிடக் கடிதம் எங்கே தங்குகிறது என்பதே முதலில் நோக்கத்தக்கது.

அஞ்சல் பெறும் முறைகள் இரண்டு. ‘பாப்’ முறை கடிதத்தை நம் கணிப்பொறிக்கு இறக்கிக்கொள்ளும்; பெரும்பாலும் வழங்கியிலிருந்து நீக்கியும் விடும். கணிப்பொறியை அழித்துப் புதுப்பித்தால் கடிதமும் அழியும். ‘ஐமாப்’ முறையிலோ மூலம் வழங்கியிலேயே இருக்கும். செயலி மாறினாலும் கடிதம் மாறாது.

தண்டர்பேர்டு இங்கு ஏற்புடையது. 2004-இல் முதற்பதிப்புக் கண்ட இச்செயலி இலவசமானது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். கடிதங்களை ‘எம்பாக்ஸ்’ என்னும் பொது வடிவில் சேமிப்பதால் பிற செயலிகளுக்கும் கொண்டு செல்லலாம்.

எனவே, முறைமையை மாற்றுமுன் பழைய கடிதங்களைத் தனி வட்டில் படியெடுங்கள். கணக்கை ஐமாப் முறையில் அமையுங்கள். அதன்பின் செயலியைத் தேருங்கள். செயலிகள் வரும், போகும், கடிதங்கள் நம்முடையவை.