நல்லாத்தானே இருக்கேன்!



"இரத்தம் சோதிச்சீங்களா?" என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்!" என்பார்கள். நடக்கிறோம், சாப்பிடுகிறோம், வேலைக்குப் போகிறோம். ஆகவே நோய் இல்லை. இது நம் கணக்கு.

2019 தேசிய சுகாதார ஆய்வு வேறு கணக்குச் சொல்கிறது. மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. கோயில் அன்னதானத்தில் பந்தியில் அமரும் பெரியவர்கள் பத்துப் பேர் என்றால், மூவர்!

என் பெரியப்பா லாரி ஓட்டுபவர். கிளினிக் பக்கமே போனதில்லை என்பது அவருக்குப் பெருமை. காலில் வந்த புண் ஆறாதபோதுதான் முதன்முறையாகச் சோதித்தார். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. "வலியே இல்லையேடா" என்று என்னிடம் சொன்னார். வலி இல்லாததற்குக் காரணமே நோய்தான். கூடிய சர்க்கரை நரம்புகளைக் கெடுத்து, பாதத்தின் உணர்வைப் போக்கிவிடும்.

நான் படிப்பது இயந்திரப் பொறியியல். கொதிகலனின் அழுத்தத்தை யாரும் தொட்டுப் பார்த்துச் சொல்வதில்லை, அளவுமானியைப் பார்க்கிறோம். அந்த மானியே பழுதானால்? வேறொரு மானி வைத்துச் சரிபார்ப்போம். "நல்லா இருக்கேன்" என்ற உணர்வும் ஒரு மானிதான். அதையும் சரிபார்க்க வேண்டும்.

சிலர் பயத்தில் போவதில்லை: "போனா ஏதாவது சொல்லிடுவாங்க." சொல்லாவிட்டால் நோய் போய்விடுமா?

முதலில் உடம்பை இழிவாக எண்ணியிருந்ததையும், உள்ளே இறைவன் குடியிருப்பதை அறிந்தபின் அதைப் பேணத் தொடங்கியதையும் திருமூலர் திருமந்திரத்தில் பாடுகிறார். எண்ணம் மாறியது, செயலும் மாறியது. கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்யும் நாம், இந்தக் கோயிலையும் கவனிக்க வேண்டாமா?

செய்ய வேண்டியவை:

1. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் 140/90, வெறும் வயிற்றில் சர்க்கரை 7.0 என்ற அளவை எட்டினால் டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும்.

2. அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 'பெக்கா பி40' திட்டத்தில் பரிசோதனை இலவசம். பெற்றோருக்குச் சொல்லுங்கள், சொன்னால் மட்டும் போக மாட்டார்கள், கூடவே போங்கள்.

சிந்திக்க: உங்கள் வீட்டில் கடைசியாக யார், எப்போது இரத்தம் சோதித்தார்கள்?