வைட்ஃபீல்டில் மடாலய பீர்

துறவிகள் காய்ச்சும் பீர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பெல்ஜியம்தான். 'டிராப்பிஸ்ட்' முத்திரை கிடைக்க, மடத்துச் சுவருக்குள்ளேயே துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்ச வேண்டும். வருமானம் மடத்துச் செலவுக்கும் தர்மத்துக்கும் போக வேண்டும். பெங்களூரு வைட்ஃபீல்டில் பீர் காய்ச்சும் மடம் இல்லை, ஆனால் அந்தப் பாணி வந்து சேர்ந்திருக்கிறது. 2023-இல் பர்ப்பிள் லைன் மெட்ரோவும் வந்துவிட்டதால் காரை வீட்டிலேயே விட்டுவிடலாம். குடிக்கப் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

2012-இல் தொடங்கிய விண்ட்மில்ஸ் கிராஃப்ட்வர்க்ஸில் ஜாஸ் கச்சேரி மேடையும் அலமாரி அலமாரியாகப் புத்தகங்களும் உண்டு. அங்கே கோதுமை பீரான ஹெஃபவைசனைக் கேளுங்கள். வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் போடுவதில்லை. எல்லாம் ஈஸ்ட் செய்கிற வேலை. இந்த வகைக்குப் பேர்போன பவேரியாவின் வைஹன்ஸ்டெஃபான் ஆலை ஒரு காலத்தில் மடத்துச் சொத்து. 1803-இல் மடத்தைக் கலைத்தார்கள். பீர் நிற்கவில்லை.

எனக்குப் பிடித்தது இன்னொரு கோதுமை பீரான பெல்ஜியன் விட். அதில் ஆரஞ்சுத் தோலோடு சேர்வது, நாம் ரசத்துக்குத் தட்டிப்போடும் அதே தனியா! ஹூகார்டன் ஊரில் துறவிகள் வளர்த்த பாணி என்பார்கள். 1957-இல் அங்கே கடைசி ஆலையும் மூடிப்போக, பியேர் செலிஸ் என்ற பால்காரர் 1966-இல் மறுபடி காய்ச்ச ஆரம்பித்தார். இன்று உலகம் முழுக்கக் கிடைக்கிற விட் அவர் புண்ணியத்தில் வந்ததுதான்.

பிட்சர் வாங்காதீர்கள். சின்ன கிளாஸில் சாம்பிள் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். விட், ஹெஃபவைசன், கடைசியில் கறுப்பு வகைகள் என்று போனால் நாக்கு மரத்துப்போகாது. ஜில்லென்று வந்ததைக் கொஞ்ச நேரம் மேஜையில் விட்டுவையுங்கள். குளிரில் வாசனை எழும்பாது. நுரையைப் பார்த்து 'ஏமாத்துறாங்க' என்று சண்டைக்குப் போகிறவர்கள் பக்கத்து மேஜையில் எப்போதும் இருப்பார்கள். ஏல் வகை பீருக்கு இரண்டு விரல் நுரை வேண்டும், மணம் தங்குவது அதில்தான். ஆந்திரா சில்லி சிக்கனோடு கசப்பான ஐபிஏ குடித்தால் காரம் இரட்டிப்பாகும். கோதுமை பீர் அதைத் தணிக்கும்.

டூபெல், டிரிபெல் என்று மடத்துப் பாணி பீர்களின் பெயர் பலகையில் எழுதியிருந்தால் அளவோடு போங்கள். வெஸ்ட்மல்லே மடத்து டிரிபெல்லில் ஆல்கஹால் 9.5 சதவீதம், சாதாரண லாகரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இனிப்பு அதை மறைத்துவிடும். இந்த வகைகள் இங்கே எப்போதும் இருப்பதில்லை, வந்து வந்து போகும். போன் போட்டு எந்த டேங்கில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வார நாள் மதியம் போனால் காய்ச்சுகிறவரிடமே பேசலாம். சனிக்கிழமை ராத்திரி அவர் நிமிரக்கூட மாட்டார்.